கூரையைத் தொடாத சுவர்கள்

முகம்மது கனி யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் மூக்கை ஒரு தடவை உறிஞ்சுவார். காற்று எந்தப் பக்கமாக உள்ளே வருகிறது, எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று நோட்டம் விடுவார். போக வழி இல்லையென்றால் அவர் முகம் சுண்டிவிடும். கல்யாண வீடோ துக்க வீடோ, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை: "இந்த ரூம்ல நாலு மூட்டை போட்டா மூணாம் நாளே முளை விட்டுடும்."

மூட்டை என்றால் வெங்காய மூட்டை. திருச்சி காந்தி மார்க்கெட்டில் அவர் வைத்திருப்பது வெங்காய மண்டி. உப்பிலியபுரத்துச் சின்ன வெங்காயம், நாசிக்கிலிருந்து லாரியில் வரும் பெரிய வெங்காயம், இரண்டுக்கும் அவர் கடையில் இடம் உண்டு. மீசை அரும்பாத வயதில் மண்டியில் அழுகல் பொறுக்க உட்கார்ந்தவர் இன்று அறுபதைத் தொடுகிறார். மூட்டையின் வெளிப்பக்கத்தைப் பார்த்து விலை பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சாக்கின் வாயைப் பிரித்து, முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை எடுத்து முகர்ந்த பிறகுதான் பேச்சு. வெங்காயத்துக்கு வேண்டியது காற்று, காற்று, மேலும் காற்று. மனுஷனுக்கும் அதேதான் என்பது அவருடைய தீர்மானம். இதில் அவரோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை, வாதாடிப் பார்த்தவர்கள் நிறைய.

இப்படிப்பட்ட மனுஷர் குடியிருந்த பாலக்கரை வீட்டில் காற்றுக்கு இடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. ரயில் பெட்டி போல நீண்ட வீடு. முன்னால் தெரு, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். அதில் கனியும் மனைவி ரஷீதாவும், மூத்த மகன் அனீஸும் அவன் மனைவி சம்ரீனும், அவர்களுடைய மகள் அல்ஷிஃபாவும். இளைய மகன் அப்துல் அஹத் ஷார்ஜாவிலிருந்து குடும்பத்தோடு லீவில் வந்துவிட்டால் பாதிப்பேருக்கு மொட்டை மாடிதான். காலையில் ஒரே குளியலறை வாசலில் பிரஷ்ஷும் கையுமாக வரிசை நிற்கும். அந்த வரிசையில் எப்போதும் கடைசி ஆள் சம்ரீன். அவளோ ஸ்கூலில் கணக்கு டீச்சர். முதல் மணிக்கு முன்னால் போய் நிற்க வேண்டியவள்.

அவள் உறையூரில் ஒரு ஃப்ளாட்டைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்ற செய்தி, ரஷீதா வழியாகக் கனியின் காதுக்கு வந்தது. அவர் அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தாரே தவிர, சாப்பிடவில்லை.

"உறையூர் என்ன டெல்லியிலயா இருக்கு? கூப்பிடுற தூரந்தானே" என்றாள் ரஷீதா.

கூப்பிடுகிற தூரம்தான். கனியின் அண்ணன் தம்பிகளும் கூப்பிடுகிற தூரத்தில்தான் இருந்தார்கள். தனித்தனியாகப் போன பிறகு பெருநாளைக்குப் பெருநாள் கட்டித் தழுவிக்கொள்வதோடு சரி. அவர்கள் பிள்ளைகளின் பெயர்கள்கூட அவருக்குக் குழம்பும். அல்ஷிஃபாவும் தன்னை அப்படி விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துவிடுவாளோ என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே பயம் வந்தது.

அந்தப் பயத்தோடுதான் ஸ்ரீரங்கத்துப் பக்கம் மேலூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் வாழைத்தோப்புகளுக்கு நடுவே அந்தப் பண்ணையைப் பார்த்தார்.

பார்க்கும்படியாக அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நீங்களும் நானும் சொல்லியிருப்போம். மேடையின் மேல் ஜன்னலில்லாத ஒரு நெற்களஞ்சியம். எதிரே கல்தூண்கள் வரிசையாக நிற்கும் நீளமான மாட்டுக் கொட்டில். நடுவில் நெல் அடித்த களம், இப்போது முட்செடிகள். களஞ்சியத்துச் சுவரில் ஒரு அரசமரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தது. கொட்டிலின் கூரையில் பாதி ஓடு தரையில் கிடந்தது, மீதியில் வவ்வால். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கட்டிடங்கள் என்றார்கள் ஊர்க்காரர்கள். எத்தனை நூறு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. சொந்தக்காரர்கள் சென்னையில். விற்றால் போதும் என்றிருந்தார்கள்.

கனி கொட்டிலுக்குள் போய் நின்று மூக்கை உறிஞ்சினார். மேற்கே கொள்ளிடத்துப் பக்கமிருந்து வந்த காற்று அவர் சட்டையைப் புடைக்க வைத்துவிட்டுக் கிழக்கே வாழை இலைகளுக்குள் போயிற்று. வவ்வால் நாற்றத்தைக்கூடத் தங்கவிடாத காற்று. கல்யாணத்துக்கு வந்தவர் பந்தியை மறந்து அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"மாட்டுக் கொட்டாயிலயா குடும்பம் நடத்தச் சொல்றீங்க?" என்று ரஷீதா இரண்டு வாரம் சண்டை போட்டாள். மாடு நின்ற இடத்தில் மனுஷர் தாராளமாக இருக்கலாம், பாலக்கரை வீட்டில்தான் மாடுகூட இருக்காது என்று கனி இரண்டு வாரமும் ஒரே பதிலைச் சொன்னார். பண்ணையை விலை பேசி முடித்துவிட்டு, அனீஸிடம் மட்டும் தன்மையாகப் பேசினார்.

"ஆனிக்குள்ள வேலை முடிஞ்சிடும். ஆடி முடியற வரைக்கும் எல்லாரும் அங்க இருந்து பார்ப்போம். புடிக்கலைன்னா உறையூருக்குப் போங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். உங்க பீரோவை நானே வண்டியில ஏத்திவிடறேன்."

"சரி அத்தா" என்றான் அனீஸ். அத்தா இவ்வளவு இறங்கி வந்து பேசி அவன் பார்த்ததில்லை.

வேலையை எடுத்துக்கொண்டவர் பிச்சமுத்து மேஸ்திரி. மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கோடவுன்களில் பாதி அவர் கை வைத்தது. கனிக்கு அவரை விட்டால் ஆள் தெரியாது. அவருக்குக் கோடவுனை விட்டால் கட்டிடம் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் எப்படி வீடு வரும் என்று அன்றைக்கே யாராவது யோசித்திருக்கலாம்.

ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. அரசமரத்தை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்று, வேரோடிய கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வேரை எடுத்து, அதே கற்களை அதே இடத்தில் சுண்ணாம்புக் கலவை வைத்துப் பொருத்தினார்கள். இடிகிற பழைய வீடுகளைத் தேடிப்போய் நாட்டு ஓடு வாங்கி வந்தார்கள். செல்லரித்த பனஞ்சட்டங்களை மாற்றினார்கள். வவ்வால்கள் போகும் வழியைத் திறந்துவிட்டு, அவை தாமாகப் போகும் வரை அந்தப் பக்கம் வேலையை நிறுத்தி வைத்தார்கள். மாடுகள் தீனி தின்ற கல்தொட்டிகளில் ஒன்று கை கழுவும் இடமாயிற்று, இன்னொன்றில் அல்ஷிஃபாவின் பொம்மைகள். களஞ்சியம் பெரிய ஹாலாக மாறியது. மாடுலர் கிச்சன், மூன்று குளியலறை, வைஃபை, எல்லாம் வந்தது. கனி மண்டியை அனீஸிடம் விட்டுவிட்டுத் தினமும் தலையில் துண்டோடு அங்கேயே கிடந்தார்.

நீளமான மாட்டுக் கொட்டிலைத் தடுத்து அறைகளாக்கும் வேலை வந்தது. பிச்சமுத்து நூல் பிடித்துக்கொண்டு கேட்டார், "பாய், தடுப்புச் சுவரு எதுவரைக்கும் தூக்கட்டும்?"

"மண்டியில எதுவரைக்கும் தூக்குவீங்க?"

"ஏழடி. மேல திறந்து கிடந்தாதானே காத்து ஓடும்."

"அப்புறம் என்ன கேள்வி?"

ஏழடியில் சுவர்கள் நின்றன. கூரையோ பதினைந்தடிக்கு மேல். வெளிச்சுவர்களின் உச்சியில் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் ஜாளி. மேற்கே நுழைந்த காற்று எல்லா அறைகளின் தலைக்கு மேலாகவும் ஓடிக் கிழக்கே இறங்கியது. கனியும் மேஸ்திரியும் கொட்டிலின் ஒரு மூலையில் ஊதுவத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, புகை போகிற வழியைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு சந்தோஷம்.

பாத்திஹா ஓதி, நெய்ச்சோறு போட்டுக் குடி புகுந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் தூணைத் தடவினார்கள், கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஃபேனே வேண்டாம் போலிருக்கே என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகவே கனி இரண்டாம் தடவை நெய்ச்சோறு போடச் சொன்னார்.

விருந்தாளிகள் போன பிறகு வீடு பேச ஆரம்பித்தது.

ரஷீதா சமையலறையில், "உப்பு எங்க வச்சேன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். மூன்று அறை தாண்டிப் படுத்திருந்த அனீஸ், "மேல் தட்டும்மா" என்றான். கனி தும்மினால் அந்தக் கோடியிலிருந்து அல்ஷிஃபா அல்ஹம்துலில்லாஹ் சொல்லச் சொல்லிக் கத்துவாள். அவளுக்கு மட்டும் வீடு சொர்க்கம். ஓர் அறையிலிருந்து பந்தை எறிந்தால் அடுத்த அறையில் விழும். மீன் பொரித்தால் ஐந்து அறைகளின் தலையணையிலும் மீன் வாசனை. ஆடிக் காற்று பிடித்த பிறகு, கனி மேற்கு அறையில் பிரித்த பேப்பர் ஒரு நாள் சுவர்களைத் தாண்டித் தாண்டி, கிழக்கே துவைத்த துணி மடித்துக்கொண்டிருந்த ரஷீதாவின் மடியில் விழுந்தது. அவள் அதை அங்கேயே உட்கார்ந்து படித்தாள்.

கனிக்கு இதெல்லாம் ஒரு குறையாகவே படவில்லை. எல்லோர் குரலும் கேட்கிற வீடு! வேறு என்ன வேண்டும் ஒரு மனுஷனுக்கு? மண்டியில்கூட இப்படித்தான், இந்தக் கோடியில் விலை சொன்னால் அந்தக் கோடியில் எடை போடுவார்கள். ஆனால் சம்ரீன் நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தாள். அனீஸிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அவனை வாழைத்தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படிக் காலாற நடந்ததில்லை என்று ரஷீதா பூரித்துப் போனாள். பாவம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சம்ரீன் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு புதுக்கோட்டையிலிருக்கும் அவள் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெல்லிய குரலில்தான். என்னவோ ஒரு சோர்வு. "உங்க கையால வட்டலப்பம் சாப்பிடணும் போல இருக்கும்மா" என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் வட்டலப்பம் வந்து உட்கார்ந்தது. தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து ரஷீதா காலையிலிருந்து நின்று அவித்தது. "சம்ரீனுக்குத்தான் முதல்ல" என்று பெரிய துண்டாக எடுத்து அவளே வைத்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு. சம்ரீன் தட்டைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், மெதுவாகத் தலையைத் திருப்பி ஏழடிச் சுவரைப் பார்த்தாள். முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாமி" என்று எழுந்து போனாள்.

அன்று சாயங்காலம் அனீஸ் வாழைத்தோப்பிலிருந்து உறையூர் புரோக்கருக்குப் போன் செய்தான். அந்தப் பேச்சு மட்டும் காற்றில் வரவில்லை. ஆனால் அவன் திரும்பி வந்த முகத்தைப் பார்த்தே கனிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆடி முடிய ஒரு வாரம்தான் பாக்கி. தூணில் கை வைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு கல்லையும் ஓட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோமே, எங்கே தவறினோம் என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மருமகளாக வந்த நாளிலிருந்து சம்ரீன் கனியிடம் நேரே எதையும் பேசியதில்லை. பகை ஒன்றும் கிடையாது, அந்தக் குடும்பத்தில் மரியாதை என்றால் அப்படி. அவர் "சாப்பிட்டியாம்மா?" என்பார், அவள் "சாப்பிட்டேன் மாமா" என்பாள். அதற்கு மேல் எது வேண்டுமானாலும் அனீஸ் வழியாகவோ ரஷீதா வழியாகவோதான் போய்ச் சேரும். ரஷீதாவும் தன் மாமனாரிடம் அப்படித்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஸ்கூலுக்கு லீவு. ஜும்ஆ முடிந்து, பிரியாணி முடிந்து, வீடு முழுக்க உண்ட களைப்பு. அல்ஷிஃபா ஹாலில் தூங்கிவிட்டாள். கனி கட்டிலில் சாய்ந்திருந்தார், ரஷீதா கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சம்ரீனின் குரல் கேட்டது. முணுமுணுப்பு இல்லை. கடைசி பெஞ்சு வரை போய்ச் சேருகிற டீச்சர் குரல்.

"என்னங்க, உங்ககிட்டதான் பேசுறேன். ஞாயித்துக்கிழமை ஃப்ளாட்டுக்கு வரோம்னு புரோக்கர்கிட்ட சொல்லிடுங்க."

"மெதுவா பேசு சம்ரீன்" என்று அனீஸ் கெஞ்சுவதும் கேட்டது.

"மெதுவா பேசினாலும் கேக்கத்தான் போகுது. அதான் தெளிவாவே பேசுறேன். நான் எங்கம்மாட்ட பேசுறதுகூட இந்த வீட்டுக்கே கேக்குது. மாமி ஆசையாத்தான் செஞ்சு குடுத்தாங்க. ருசியாவும் இருந்துச்சு. ஆனா நான் கேட்டது எங்கம்மா கையால. எங்கம்மாட்ட மட்டும் கேட்டேன்."

ரஷீதாவின் கையில் பூண்டு அப்படியே நின்றது. கனி எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்துப் பேச வேண்டியதை மனைவியைப் பார்த்து, மண்டிக் குரலில் பேசினார்.

"ரஷீதா! பிள்ளைங்க வேகக்கூடாதுன்னுதானே அப்படிக் கட்டினது? அடைச்சுக் கட்டியிருந்தா புழுங்கிச் செத்திருப்பாங்கல்ல?"

"என்கிட்ட ஏன் கத்துறீங்க?" என்று அவள் கிசுகிசுத்தாள்.

"உன்கிட்டதான் சொல்றேன்!"

அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "என்னங்க, காத்து நல்லாத்தான் இருக்கு. இல்லைன்னு யாரும் சொல்லலை. காத்து மட்டும் போதும்னா கொள்ளிடத்து மணல்லயே பாயைப் போட்டுப் படுத்திருக்கலாமேன்னு கேளுங்க."

"யார்கிட்ட கேக்கச் சொல்ற?" என்றான் அனீஸ்.

"யார்கிட்டயோ."

கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "ரஷீதா, கட்டும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே தூக்கியிருப்போம்ல? சொல்லாம இருந்துட்டு இப்பச் சொன்னா?"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சம்ரீன் மறுபடி பேசியபோது குரலில் டீச்சர் இல்லை.

"என்னங்க, ஓடு எங்க கிடைக்கும்னு ஊரெல்லாம் கேட்டாங்க. வெள்ளம் எந்தப் பக்கம் வரும்னு தோப்புக்காரங்களைக் கேட்டாங்க. வவ்வால் எப்ப போகும்னுகூட காத்திருந்து பார்த்தாங்க. நமக்காகத்தான் கட்டுறாங்கன்னு எல்லாரும் சொன்னீங்க. உனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு என்னை ஒருத்தர் கேட்டாங்களா?"

ரஷீதா பூண்டைத் தட்டில் போட்டுவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படியாக, "என்னையுந்தான் கேக்கல" என்றாள்.

கனி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத உப்பிலியபுரத்து விவசாயியின் மூட்டையைக்கூட அடி வரை கையை விட்டுப் பார்த்த மனுஷர். ஒரே வீட்டில் எட்டு வருஷமாக குளியலறை வரிசையின் கடைசியில் பிரஷ்ஷோடு நின்ற பெண்ணிடம் "சாப்பிட்டியா"வுக்கு மேல் ஒன்று கேட்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"சம்ரீன்மா."

வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"உன்னைக் கேட்டிருக்கணும். கேக்கல. தப்பு என்னோடதுதாம்மா. எந்தச் சுவரு எதுவரைக்கும் போகணும்னு நீ சொல்லு. பிச்சமுத்துவை நாளைக்கே வரச் சொல்றேன். உறையூருக்குப் போறதா இருந்தாலும் சரி, லீவுக்கு வர்றப்பவாச்சும் நீ சொன்னபடி இருக்கட்டும்."

கட்டில் கிறீச்சிட்டது. காலடிச் சத்தம். கதவைத் திறந்துகொண்டு சம்ரீன் வந்து நின்றாள், தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி. கையில் ஒரு சாக்பீஸ்.

"வாங்க மாமா, காட்டுறேன்" என்றாள்.

எல்லாம் அவள் மனசில் ஏற்கெனவே இருந்தது. கணக்கு டீச்சர் அல்லவா. இந்தச் சுவர் கூரை வரைக்கும். இதுவும் கூரை வரைக்கும். குளியலறைச் சுவர்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வெளிச்சுவரில் ஜாளி அப்படியே இருக்கட்டும், ஒவ்வொரு அறையிலும் இருக்கிற ஜன்னலுக்கு எதிரே இன்னொன்று வைத்துவிட்டால் காற்று குறையாது என்றாள். கனி மூக்கை உறிஞ்சி, மனசுக்குள் ஊதுவத்தியைக் கொளுத்திப் பார்த்து, "குறையாது, குறையாது" என்று தலையாட்டினார். அவருக்கே இது தோன்றாமல் போனதில் கொஞ்சம் வருத்தம்தான்.

"மாமி, உங்க ரூம் சுவரையும் ஏத்திடலாமா?"

"ஏத்தும்மா. இவர் குறட்டை என்னோட போகட்டும், ஊருக்கெல்லாம் எதுக்கு?" என்ற ரஷீதா, கொஞ்சம் தயங்கினாள். "அந்த வட்டலப்பம்..."

"அடுத்த தடவை எங்கம்மாவை இங்க வரச் சொல்றேன் மாமி. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்ங்க. யாரோடது ருசின்னு நான் சொல்லமாட்டேன்."

அனீஸ் வாசற்படியிலேயே நின்றான். இரண்டு பக்கத்துக்கும் இத்தனை வருஷம் பேச்சைச் சுமந்தவனுக்குத் திடீரென்று கையில் வேலை இல்லாமல் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கனிக்குக் கேட்க வேண்டும் போல நாக்கு துடித்தது. கேட்டு, அவள் "போகிறோம்" என்று சொல்லிவிட்டால்? வாயை மூடிக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தார்.

அல்ஷிஃபாவின் அறைக்கு வந்தார்கள். "இங்க மேசை வரும்" என்று சம்ரீன் ஜன்னலோரத்தைக் காட்டினாள். "பக்கத்துல ஒரு ஸ்விட்ச் போர்டு வேணும் மாமா. டேபிள் லைட்டுக்கு." குனிந்து, சின்னப் பெண்ணின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

நிமிர்ந்து அதைப் பார்த்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து மறுபடி பார்த்தாள். பிறகு துப்பட்டா நுனியால் அதை அழித்துவிட்டு, இரண்டு சாண் மேலே வேறொரு குறி போட்டாள்.

"ஏம்மா, பிள்ளைக்கு எட்டாதே?" என்றார் கனி.

"இப்ப எட்டாதுதான் மாமா. அவ பத்தாவது படிக்கிறப்ப இங்க பெரிய மேசை போடணும்ல? கீழ வச்சா அப்ப மறைஞ்சிடும்."

கனி அவள் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, அந்தக் குறியின் மேலேயே இன்னொரு தடவை அழுத்தி வரைந்தார்.